முப்பத்தெட்டு நிமிடங்கள்: ஹவாய் ஏவுகணை எச்சரிக்கை, 2018

2018 ஜனவரி 13, சனிக்கிழமை. காலை 8.07க்கு ஹவாய்த் தீவுகள் எங்கும் கைபேசிகள் ஒரே நேரத்தில் அலறின. ஹவாயை நோக்கி பாலிஸ்டிக் ஏவுகணை வந்துகொண்டிருக்கிறது, உடனே பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள், இது ஒத்திகை அல்ல என்று திரையில் இருந்தது. உண்மையில் எந்த ஏவுகணையும் கிளம்பவில்லை. எச்சரிக்கை தவறு என்ற செய்தி அதே கைபேசிகளுக்கு வந்து சேர 38 நிமிடம் ஆனது.

அமெரிக்கக் கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையமும் ஹவாய் மாநில அரசும் இதைத் தனித்தனியே விசாரித்து அறிக்கை வெளியிட்டன. அவற்றில் பதிவானவற்றை வைத்தே இதை எழுதுகிறேன். சம்பந்தப்பட்ட ஊழியர்களைப் பெயர் சொல்லாமல் பதவியால் மட்டும் குறிப்பிடுகிறேன். அன்று அந்த நாற்காலியில் யார் இருந்தார் என்பதைவிட அந்த நாற்காலி எப்படிப்பட்டது என்பதுதான் நாம் தெரிந்துகொள்ள வேண்டியது.

பின்னணி: 2017ஆம் ஆண்டின் மிரட்டல்கள்

அந்தக் காலைக்கு முந்தைய ஓராண்டு தெரியாவிட்டால் இந்த நிகழ்வு புரியாது.

2017 ஜூலை 4 அன்று வட கொரியா ஹ்வாசோங்-14 ஏவுகணையைச் சோதித்தது. அது ஏறக்குறைய நேராக மேலே போய், சுமார் 2,800 கிலோமீட்டர் உயரம் தொட்டுக் கடலில் விழுந்தது. அவ்வளவு செங்குத்தாக ஏவப்பட்ட ஏவுகணையைச் சாய்வான பாதையில் விட்டால் எவ்வளவு தூரம் போகும் என்று வல்லுநர்கள் உடனே கணக்குப் போட்டார்கள். அலாஸ்கா அந்த வட்டத்துக்குள் வந்தது. அதே மாதம் 28ஆம் தேதி நடந்த இரண்டாவது சோதனையின் கணக்கில் ஹவாயும் உள்ளே வந்தது. ஆகஸ்ட் 29லும் செப்டம்பர் 15லும் ஜப்பானின் ஹொக்கைடோ தீவுக்கு மேலாகவே ஏவுகணைகள் பறந்தன. இடையில் செப்டம்பர் 3 அன்று வட கொரியா தன் ஆறாவது அணுகுண்டுச் சோதனையை நடத்தியது. நவம்பர் 29 அன்று ஏவப்பட்ட ஹ்வாசோங்-15 சுமார் 4,475 கிலோமீட்டர் உயரம் போய், 53 நிமிடம் பறந்து விழுந்தது. அமெரிக்கா முழுவதும் அதன் வீச்சுக்குள் அடங்கும் என்பது பொதுவான மதிப்பீடு.

வாய்ப்பேச்சும் இதற்குச் சளைக்கவில்லை. உலகம் கண்டிராத நெருப்பையும் சீற்றத்தையும் வட கொரியா சந்திக்கும் என்று ஆகஸ்டில் அமெரிக்க அதிபர் எச்சரித்தார். பசிபிக்கில் அமெரிக்கா வசமுள்ள குவாம் தீவைச் சுற்றி ஏவுகணைகளை விழவைக்கும் திட்டத்தைப் பரிசீலிப்பதாக வட கொரியா பதில் சொன்னது. 2018 புத்தாண்டு உரையில் வட கொரியத் தலைவர், அணு ஆயுதப் பொத்தான் தன் மேசை மீதே இருக்கிறது என்றார். என் பொத்தான் அதைவிடப் பெரியது என்று மறுநாள் அமெரிக்க அதிபர் எழுதினார்.

அமெரிக்கப் பசிபிக் படைத் தலைமையகம் ஹவாயின் ஒவாஹு தீவில் இருக்கிறது. பேர்ல் துறைமுகமும் அங்கேதான். வட கொரியாவிலிருந்து ஏவப்படும் ஏவுகணை ஹவாயை அடைய ஏறத்தாழ இருபது நிமிடம் போதும். ஏவியதைக் கண்டுபிடித்து உறுதிசெய்யப் போகும் நேரத்தைக் கழித்தால், மக்களுக்கு மிஞ்சுவது பன்னிரண்டு முதல் பதினைந்து நிமிடம் என்று மாநில அதிகாரிகள் வெளிப்படையாகவே சொல்லிவந்தார்கள்.

ஹவாய் எடுத்த முடிவு

இந்த நிலையில் மாநில நெருக்கடிகால மேலாண்மை முகமை ஒரு முடிவெடுத்தது. பனிப்போர் முடிந்தபின் கைவிடப்பட்டிருந்த தாக்குதல் எச்சரிக்கைச் சங்கை 2017 டிசம்பர் 1 முதல் மாதந்தோறும் மீண்டும் ஒலிக்கவிட்டுச் சோதித்தார்கள். உள்ளே போங்கள், உள்ளேயே இருங்கள், அறிவிப்புக்குக் காத்திருங்கள் என்று மக்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். எச்சரிக்கை அலுவலர்களுக்கு ஏவுகணை ஒத்திகைகளும் நடந்தன.

இந்த முடிவில் எனக்குக் குறை இல்லை. மக்களைப் பீதிக்குள்ளாக்குகிறார்கள், சுற்றுலா கெடும் என்று அப்போது முணுமுணுப்பு எழுந்தது. ஆபத்து இருக்கும்போது அதை மறைப்பது அரசின் வேலை அல்ல. ஆனால் எச்சரிக்கை அனுப்பும் வழியைச் செப்பனிட்ட அளவுக்கு, அனுப்பியதைத் திரும்பப் பெறும் வழியை யாரும் யோசித்துப் பார்க்கவில்லை.

8.05: பணி மாறும் நேரம்

முகமையின் கட்டுப்பாட்டு அறை, டைமண்ட் ஹெட் என்ற பழைய எரிமலை வாய்க்குள், ராணுவம் கட்டிய பதுங்கறையில் இருக்கிறது. இரவுப் பணி மேற்பார்வையாளர் அன்றிரவு தன் அணியினருக்கு முன்னறிவிப்பில்லா ஒத்திகை ஒன்றை நடத்தியிருந்தார். அது நன்றாகவே முடிந்தது. ஆள் மாறும் வேளைதான் மிகச் சிக்கலானது, அதிலும் ஒரு முறை பார்த்துவிடலாம் என்று நினைத்தார்.

அதைப் பகல் பணி மேற்பார்வையாளரிடம் சொல்லவும் செய்தார். ஆனால் கேட்டவரோ, வீட்டுக்குக் கிளம்பும் இரவு அணிக்குத்தான் ஒத்திகை என்று புரிந்துகொண்டார். அதனால் பகல் அலுவலர்கள் ஒத்திகைக்கு உள்ளானபோது அவர்களைக் கவனிக்க மேற்பார்வையாளர் பக்கத்தில் இல்லை.

8.05க்கு இரவு மேற்பார்வையாளர் பசிபிக் படைத் தலைமையகத்திலிருந்து பேசுவதுபோல் தொலைபேசியில் அழைத்து, பதிவுசெய்த செய்தி ஒன்றை ஒலிக்கவிட்டார். பகல் அலுவலர்கள் அதை ஒலிபெருக்கியில் கேட்டார்கள். செய்தி தொடங்கும்போதும் முடியும்போதும் "பயிற்சி, பயிற்சி, பயிற்சி" என்று இருந்தது. நடுவில், எழுதிவைத்த நடைமுறையில் இல்லாத ஒரு வாக்கியமும் இருந்தது: இது ஒத்திகை அல்ல.

இங்கே சற்று நிற்க வேண்டும். ஒரே பதிவில் ஒன்றையொன்று மறுக்கும் இரண்டு செய்திகள். கேட்ட அலுவலர்களில் மற்றவர்கள் இதைப் பயிற்சி என்று புரிந்துகொண்டார்கள். ஒருவர் காதில் மட்டும் "ஒத்திகை அல்ல" என்பது விழுந்தது, "பயிற்சி" விழவில்லை. உண்மையாகவே தாக்குதல் என்று நூறு சதவீதம் நம்பினேன் என்று பின்னாளில் அவர் சொன்னார். ஓராண்டாகச் செய்தியிலும் பேச்சிலும் ஏவுகணையையே கேட்டுவந்த ஒருவர் இரண்டில் எந்த வாக்கியத்தைப் பிடித்துக்கொள்வார் என்பது எனக்கு வியப்பாக இல்லை. பகை நாட்டின் மிரட்டல் முதலில் வேலை செய்வது கேட்பவரின் காதில்தான்.

8.07: ஒரு சொடுக்கு

அவர் கணினியில் எச்சரிக்கை மென்பொருளைத் திறந்தார். ஒத்திகைக்கான வார்ப்புருவும் உண்மை எச்சரிக்கைக்கான வார்ப்புருவும் அதே திரையில், அதே பட்டியலில் இருந்தன. செய்தியின் வாசகம் முன்கூட்டியே நிரப்பப்பட்டிருந்தது. உண்மை எச்சரிக்கையைத் தேர்ந்தார். இதை அனுப்ப விரும்புவது உறுதிதானா என்று மென்பொருள் கேட்டது. ஆம் என்றார்.

அந்தக் கேள்வியை வடிவமைத்தவர்கள் அதை ஒரு பாதுகாப்பாக நினைத்திருப்பார்கள். உண்மை என்று நம்புகிறவரிடம் "உறுதிதானா" என்று கேட்டால் உறுதி என்றுதான் பதில் வரும். கேட்க வேண்டியிருந்தது இன்னொரு ஆளிடம். இரண்டாவது ஆளின் ஒப்புதல் இல்லாமல், சுமார் பதினான்கு லட்சம் பேர் வாழும் மாநிலம் முழுமைக்கும் ஒருவரே எச்சரிக்கை அனுப்ப முடிந்தது.

8.08க்கு அந்த அறையில் இருந்தவர்களின் கைபேசிகளும் அலறின. நடந்தது என்ன என்று அப்போதுதான் மற்றவர்களுக்கு உறைத்தது.

வெளியே

வீட்டில் இருந்தவர்கள் பிள்ளைகளைக் குளியல் தொட்டிக்குள் படுக்கவைத்து மேலே மெத்தையைப் போட்டார்கள். நெடுஞ்சாலையில் போனவர்கள் மலைச் சுரங்கத்துக்குள் காரை நிறுத்திக்கொண்டார்கள். பல்கலைக்கழக வளாகத்தில் மாணவர்கள் ஓடினார்கள். சாலையோர வடிகாலின் இரும்பு மூடியைத் தூக்கி அதன் வழியே ஒரு குழந்தையை உள்ளே இறக்கும் காட்சி படமாகி உலகெங்கும் பரவியது. விளையாட்டில் எதற்கோ ஒளிந்துகொள்ளும் குழந்தையைப் போலத்தான் அது கீழே போகிறது. இறக்கும் கைகளில்தான் அவசரம் தெரிகிறது.

தூரத்தில் இருந்த உறவினர்களுக்குப் பலர் கடைசி வார்த்தை என்று நினைத்தே செய்தி அனுப்பினார்கள். காவல்துறைக்கும் முகமைக்கும் அழைப்புகள் குவிந்து இணைப்புகள் திணறின. தொலைக்காட்சியிலும் வானொலியிலும் இதே எச்சரிக்கை நீண்ட வடிவில் ஓடியது: நிலத்திலோ கடலிலோ சில நிமிடங்களில் ஏவுகணை விழலாம், சன்னல்களை விட்டு விலகி இருங்கள், வண்டி ஓட்டுகிறவர்கள் ஓரமாக நிறுத்திவிட்டுக் கட்டடத்துக்குள் போங்கள் அல்லது தரையில் படுங்கள். பெரும்பாலான இடங்களில் சங்கு ஒலிக்காததைக் கவனித்துச் சந்தேகப்பட்டவர்களும் உண்டு. அந்தச் சந்தேகத்தை நம்பிச் சும்மா உட்கார்ந்திருக்க எல்லோருக்கும் துணிவு வரவில்லை. வராததுதான் இயல்பு.

8.10 முதல் 8.45 வரை

இந்த 35 நிமிடத்தைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன்.

8.09க்கு மாநில ஆளுநருக்குத் தகவல் போய்விட்டது. (அமெரிக்காவில் ஆளுநர் என்றால் மக்கள் தேர்ந்தெடுத்த மாநிலத் தலைவர், நம் ஊர் முதலமைச்சரைப் போல.) 8.10க்குள், ஏவுகணை எதுவும் ஏவப்படவில்லை என்பதை முகமையின் தலைமையும் பசிபிக் படைத் தலைமையகமும் பேசி உறுதிசெய்துகொண்டன. அதாவது மூன்றே நிமிடத்தில் தெரிய வேண்டியவர்களுக்கு எல்லாம் உண்மை தெரிந்துவிட்டது.

8.12க்கு ரத்து ஆணை போனது. அனுப்பியவர் உறைந்துபோய் உட்கார்ந்திருந்ததால் உடன் இருந்த வேறொருவர் அதைச் செய்தார். ஆனால் அந்த ரத்து, செய்தி மேலும் புதிய கைபேசிகளுக்குப் போவதை மட்டுமே தடுத்தது. ஏற்கெனவே பார்த்துவிட்டவர்களுக்கு அதனால் ஒரு வரிகூடப் போகவில்லை.

8.20க்கு முகமை சமூக ஊடகத்தில் ஆபத்து இல்லை என்று எழுதியது. ஆளுநரின் ட்விட்டர் பக்கத்தில் அதே செய்தி வந்தது 8.24க்கு. கணக்குக்குள் நுழையும் விவரம் தனக்கு உடனே தெரியவில்லை என்று அவர் பின்னர் ஒப்புக்கொண்டார். அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. போர் எச்சரிக்கையை மறுக்கும் பொறுப்பு, ஒரு தனிமனிதரின் நினைவில் இருக்கும் கடவுச்சொல்லை நம்பி நின்றது என்பதைக் காட்டவே எழுதுகிறேன்.

கைபேசிகளுக்கே திருத்தச் செய்தி அனுப்பலாமா என்ற பேச்சு 8.26 வாக்கில்தான் எழுந்தது. எந்தக் குறியீட்டில் அனுப்புவது என்று கூட்டாட்சி நெருக்கடி முகமையிடம் கேட்டார்கள். அந்த அனுமதி தேவையே இல்லை, மாநிலத்துக்கு முன்பே அதிகாரம் இருந்தது என்பது பிறகு தெளிவானது. அதன்பின் மேற்பார்வையாளர் ஒருவர் கணினியில் உட்கார்ந்து திருத்தத்தைப் புதிதாக உருவாக்கினார். பொய் எச்சரிக்கை என்று சொல்வதற்கான வார்ப்புரு அமைப்பில் இல்லவே இல்லை. 8.45க்கு அது போனது: ஏவுகணை ஆபத்து எதுவும் இல்லை, மீண்டும் சொல்கிறோம், தவறான எச்சரிக்கை.

அன்று போர் எவ்வளவு அருகில் இருந்தது?

நிதானமாகப் பார்த்தால், அந்தக் காலையில் போருக்கான வாய்ப்பு முந்தைய சில மாதங்களைவிடக் குறைந்திருந்தது. பொத்தானைப் பற்றிப் பேசிய அதே புத்தாண்டு உரையில், தென் கொரியாவின் பியோங்சாங் குளிர்கால ஒலிம்பிக்குக்கு அணி அனுப்பத் தயார் என்றும் வட கொரியத் தலைவர் சொல்லியிருந்தார். இரு கொரியாக்களின் எல்லையில் உள்ள பன்முன்ஜோமில் ஏறத்தாழ இரண்டாண்டு துண்டித்துக் கிடந்த தொலைபேசித் தொடர்பு ஜனவரி 3 அன்று மீண்டது. மறுநாள் அமெரிக்காவும் தென் கொரியாவும் தங்கள் கூட்டுப் போர்ப்பயிற்சியை ஒலிம்பிக்குக்குப் பிறகு என்று தள்ளிவைத்தன. ஜனவரி 9 அன்று இரு கொரியாக்களின் அதிகாரிகள் நேரில் உட்கார்ந்து பேசினார்கள். போர் வரும் என்று அமெரிக்கா நினைத்திருந்தால் தென் கொரியாவில் இருக்கும் தன் படையினரின் குடும்பங்களை வெளியேற்றியிருக்கும். அப்படி எதுவும் நடக்கவில்லை.

மிரட்டலை எடைபோடுகிறவர்கள் பார்க்க வேண்டியது இத்தகைய அடையாளங்களைத்தான். தலைவர் எவ்வளவு உரக்கப் பேசினார் என்பதைவிட, குடும்பங்கள் எங்கே இருக்கின்றன, தொலைபேசி இணைப்பு இருக்கிறதா, பயிற்சி முன்னே வருகிறதா பின்னே போகிறதா என்பவை அதிகம் சொல்லும். ஆனால் மக்கள் மனத்தில் இருந்தது டிசம்பரில் கேட்ட சங்கொலி. நான்கு நாளுக்கு முன் நடந்த பேச்சுவார்த்தை அந்த ஒலியைத் துடைத்துவிடவில்லை.

எச்சரிக்கை அலுவலர் இந்தக் கணக்கையெல்லாம் போட்டிருக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். அது அவர் வேலை அல்ல. வந்த செய்தியை நிமிடங்களில் மக்களிடம் சேர்ப்பதே அவர் வேலை. ஏவுகணை கிளம்பியதா என்பதைச் செயற்கைக்கோளும் ரேடாரும் வைத்திருப்பவர்கள் சொல்ல வேண்டும். அவர்கள் அதே தீவில்தான் இருந்தார்கள், அவர்களுக்கு உண்மையும் தெரிந்திருந்தது.

பயிற்சியை நிஜமென்று எடுத்துக்கொள்வது இதற்கு முன்பும் நடந்திருக்கிறது. 1979 நவம்பர் 9 அன்று அமெரிக்க வான்பாதுகாப்புத் தலைமையகத்தின் கணினிகளில், பயிற்சிக்கென வைத்திருந்த சோவியத் தாக்குதல் காட்சி நிஜத் தாக்குதலாகத் தெரிந்தது. போர் விமானங்கள் கிளம்பின. செயற்கைக்கோள், ரேடார் தரவுகளை ஒப்பிட்டுப் பார்த்து, தாக்குதல் எதுவும் இல்லை என்று சில நிமிடங்களில் முடிவுக்கு வந்தார்கள். ஹவாயில் பிழை மக்களின் கைபேசிக்குப் போனது, ஆயுதம் ஏந்தியவர்களின் திரைக்குப் போகவில்லை. இந்த வேறுபாட்டை நினைத்து ஆறுதல் அடைந்தேன். அந்த ஆறுதல் நெடுநேரம் நிற்கவில்லை.

அதே தீவில், 1941

ஒவாஹு தீவுக்கு இன்னொரு காலை உண்டு. 1941 டிசம்பர் 7, ஞாயிறு. தீவின் வடமுனையில் ஒபானா என்ற இடத்தில் இரண்டு படைவீரர்கள் ரேடாரில் இருந்தார்கள். காலை 7 மணிக்கு அவர்கள் பணி முடிந்துவிட்டது. காலை உணவுக்கு அழைத்துப்போகும் வண்டி வரவில்லை என்பதால் கருவியை அணைக்காமல் பழகிக்கொண்டிருந்தார்கள். 7.02க்கு வடக்கே சுமார் 130 மைல் தொலைவில் பெரிய விமானக் கூட்டம் தெரிந்தது. தகவல் மையத்துக்குச் சொன்னார்கள். அங்கே இருந்த இளம் அதிகாரி அந்தப் பணிக்குப் புதியவர். கலிஃபோர்னியாவிலிருந்து வரவேண்டிய அமெரிக்க விமானங்கள் என்று நினைத்து, கவலைப்பட வேண்டாம் என்றார். 7.55க்குப் பேர்ல் துறைமுகத்தில் ஜப்பானியக் குண்டுகள் விழத் தொடங்கின. சுமார் 2,400 அமெரிக்கர்கள் இறந்தார்கள்.

அங்கே உண்மையான எச்சரிக்கை தள்ளப்பட்டது, 2018இல் இல்லாத ஒன்று நம்பப்பட்டது. இரண்டுமே பணி மாறும் வேளையில், கேட்பவர் எதை எதிர்பார்த்திருந்தாரோ அதன்படி நடந்தன. ஹவாயின் அமைப்பை இனி வடிவமைப்பவர்கள் இந்த இரண்டு காலைகளையும் சேர்த்தே நினைக்க வேண்டும். தவறான எச்சரிக்கைக்குப் பயந்து அனுப்பும் வழியை இறுக்கிக் கட்டினால், 1941 திரும்ப வாசலில் வந்து நிற்கும்.

விசாரணையும் விளைவுகளும்

எச்சரிக்கை அனுப்பிய அலுவலர் பணிநீக்கம் செய்யப்பட்டார். ஒத்திகையையும் நிஜத்தையும் அவர் முன்பே குறைந்தது இரண்டு முறை குழப்பிக்கொண்டிருந்ததாக மாநில விசாரணை சொன்னது. முகமைத் தலைவர் ஜனவரி 30 அன்று பொறுப்பேற்றுப் பதவி விலகினார். இன்னொரு ஊழியரும் விலகினார். முகமை ஊழியர்களுக்குக் கொலை மிரட்டல்களும் வந்தன.

முன்பே இரண்டு முறை குழம்பியவர் என்பது பலருக்கு முழு விளக்கமாகத் தோன்றியது. எனக்கு அதிலிருந்து வேறு கேள்வி எழுகிறது. அது தெரிந்திருந்தும் அதே நாற்காலியில், தனி ஆளாக அனுப்பும் அதிகாரத்தோடு அவரை உட்காரவைத்தது யார் முடிவு? அவரை நீக்கியதால் அந்தத் திரை மாறிவிடவில்லை.

திரையையும் பிறகு மாற்றினார்கள் என்பதைச் சொல்ல வேண்டும். ஒத்திகையானாலும் நிஜமானாலும் இருவர் ஒப்புதல் இல்லாமல் எச்சரிக்கை போகாது என்று விதி வந்தது. தவறென்று அறிவிக்கும் திருத்த வாசகத்தை முன்கூட்டியே எழுதி அமைப்பில் சேர்த்தார்கள். ஏவுகணை ஒத்திகைகளை நிறுத்திவைத்து நடைமுறையைத் திருத்தினார்கள்.

மூன்று நாள் கழித்து, ஜனவரி 16 அன்று, ஜப்பானின் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்எச்கே, வட கொரியா ஏவுகணை ஏவியதாகத் தெரிகிறது என்று செயலியிலும் இணையத்திலும் தவறாக அறிவித்தது. ஐந்து நிமிடத்துக்குள் திருத்தி மன்னிப்புக் கேட்டது.

எது மாற வேண்டும்

இருவர் ஒப்புதல் விதியை நான் ஏற்கிறேன், ஒரு திருத்தத்தோடு. இரண்டாமவர் முதலாமவருக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்தால் ஒரே பதற்றம் இருவரையும் பிடிக்கும். ஒருவர் படைத் தலைமையகத்தை வேறு தொலைபேசி வழியாகத் திரும்ப அழைத்துக் கேட்பவராக இருக்க வேண்டும். அன்று யாராவது அப்படி ஒரு அழைப்பைச் செய்திருந்தால் ஒரு நிமிடத்தில் பதில் கிடைத்திருக்கும். ஒத்திகைக் கணினியும் நிஜக் கணினியும் தனித்தனி மேசையில் இருக்கட்டும். ஒத்திகையில் "ஒத்திகை அல்ல" என்ற சொற்கள் எந்தக் காரணத்துக்காகவும் ஒலிக்கக் கூடாது. எச்சரிக்கையை அனுப்பிப் பழகுகிற ஒவ்வொரு முறையும் அதைத் திரும்பப் பெற்றும் பழக வேண்டும், கடிகாரம் வைத்து.

2023 அக்டோபரில் தமிழ்நாட்டில் நம் கைபேசிகளும் இதே தொழில்நுட்பத்தில் ஒரே நேரத்தில் அலறின. மாதிரிச் சோதனைச் செய்தி, எதுவும் செய்ய வேண்டாம் என்று அதில் தெளிவாகவே எழுதியிருந்தார்கள். 2025 மே மாதம் இந்தியா - பாகிஸ்தான் பதற்றத்தின்போது கல்பாக்கத்திலும் சென்னைத் துறைமுகத்திலும் போர்க்கால ஒத்திகை நடந்தது. சங்கும் ஒலிபரப்பும் நம்மிடமும் தயாராகிவருகின்றன. முன்பு அனுப்பியது தவறு, ஆபத்து இல்லை, வெளியே வரலாம் என்ற மூன்று வரியைத் தமிழில் எழுதி, அனுப்பும் பொத்தானுக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறார்களா என்று நம் மாநிலக் கட்டுப்பாட்டு அறையில் பொறுப்பில் இருப்பவர்கள் இன்றே ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும்.